தண்டவாளத் துண்டை மலைமேல் ஏற்றியவர்கள்

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடையில் பத்தொன்பது மாதம் போய்விட்டது. அங்கன்வாடியில் சத்துமாவு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாள் கூட ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டம், பிறகு மாநிலம் முழுக்க. ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள், மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சின்னசேலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அந்தத் திண்ணைதான் முதல் வகுப்பறை.

எழுத்து தெரியவில்லை, கணக்கு வரவில்லை என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. சிலேட்டில் 'ழ' போடச் சொன்னால் ஒருமுறை கிறுக்கிப் பார்ப்பார்கள். சரியாக வராவிட்டால், "வரலக்கா" என்று சிலேட்டைத் தள்ளிவிடுவார்கள். அழுகை கிடையாது, அடமும் கிடையாது. பேருந்து போய்விட்டது என்பதுபோல ஒரு செய்தியாகச் சொல்வார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கிலும் அதே "வரலக்கா"தான். ஸ்கிப்பிங் கயிற்றில் கால் மாட்டினாலும் அதுதான். ரயில்வே கேட் பக்கமிருந்து வரும் ஒரு பையன் பென்சில் முனை உடைந்ததற்கே அதைச் சொன்னான். சீவினால் போதும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உடைந்த இடத்தோடு காரியம் முடிந்துவிட்டது என்று நம்பினான்.

பெரியவர்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் புத்திமதி. முயற்சி செய், கவனமாகப் படி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது. எப்படி முயல்வது என்று அதில் எதுவும் இல்லை. முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தால் மட்டும் போதாது, தானே அதைக் கண்டுபிடித்த சுகம் ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். அந்தச் சுகத்தை எனக்குக் காட்டியவர் பள்ளிக்கூடம் போகாத என் ஆயா.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் காலத்தில் எங்கள் வீட்டு நடையில் மூட்டை வந்து இறங்கும். விதைக்கு என்பதால் பருப்பு உடையாமல் கையால்தான் உரிக்க வேண்டும். படிக் கணக்கில் கூலி. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் நுனி எரிய ஆரம்பிக்கும். எழுந்து ஓடத் தோன்றும் அந்த நேரம் பார்த்து ஆயா தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை எடுப்பார். தமிழ்நாட்டில் அந்தக் கதை தெரியாத பாட்டி இருக்க முடியாது. ஈ போய்க் கன்றுக்குட்டியைக் கேட்கும், கன்றுக்குத் தெரியாது. கன்றின் தாயைக் கேட்கும், அதற்கும் தெரியாது. மேய்க்கிறவன், அவன் கைக்கோல், கோல் வெட்டிய மரம் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசியில் குதிரை கனைக்கிற கனைப்பில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். ஆனால் ஆயாவின் ஈ அவ்வளவு சீக்கிரம் குதிரையிடம் போய்ச் சேராது. குவியல் பெரிதாக இருந்தால் வழியும் பெரிது. "மரத்துக்கும் தெரியலையாம். இப்ப அது யாரைக் கேக்கும், சொல்லு" என்று எங்களிடமே திருப்பிவிடுவார். மரத்தில் கூடு கட்டிய காக்கா என்பாள் ஒருத்தி. மரத்துக்குத் தண்ணி விடற கெணறு என்பான் இன்னொருத்தன். எது சொன்னாலும் ஆயா அதை வரிசையில் கோத்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாப் பெயரையும் சொல்ல வைப்பார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஈ திரும்ப நடக்க வேண்டும். விரல் எரிச்சல் எப்போது மறந்தது என்று தெரியாமல் குவியல் கரைந்திருக்கும். எத்தனை பேர் தெரியாது என்று சொன்னாலும் ஈ கோபித்துக்கொள்ளாமல் அடுத்த ஆளிடம் போகிறது. அதை ஆயா ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிறகு கிளை நூலகத்தில் 'அம்புலிமாமா' கிடைத்தது. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. என் அம்மா படித்த அதே விக்கிரமாதித்தன் என் காலத்திலும் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியில் நடந்துகொண்டிருந்தான். சங்கர் வரைந்த அந்தப் படத்தைத் தமிழில் படிக்கத் தெரிந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் அதன் கேள்விக்கு ராஜா பதில் சொன்னதும் வேதாளம் முருங்கை மரத்துக்கே திரும்பிப் போகும், ஒவ்வொரு மாதமும் ராஜா மரம் ஏறுவான். அவன் முயற்சியைப் பாராட்டித்தான் கதையே தொடங்கும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ராஜா ஏன் ஒருமுறை கூட வேறு மாதிரி செய்து பார்க்கவில்லை? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், கேள்வி காதில் விழாது. வேதாளத்தின் வாயைத் துணியால் கட்டிவிட்டுத் தூக்கலாம். வீட்டில் கேட்டபோது, "கதைன்னா கேட்டுக்கணும்" என்றார்கள். ஆயாவிடம் கேட்டிருந்தால், "அப்ப நீ பஞ்சு வச்சுப் பாரு, என்ன ஆகுதுன்னு சொல்லு" என்றிருப்பார்.

திண்ணையில் பிள்ளைகள் "வரலக்கா" சொல்லச் சொல்ல எனக்கு இந்த இரண்டு பேரும்தான் ஞாபகம் வந்தார்கள். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப ஏறும் ராஜாவைவிட, ஆள் மாற்றி ஆள் கேட்கும் ஈ என் பிள்ளைகளுக்கு நல்ல துணையாக இருக்கும் என்று பட்டது. ஆனால் அவர்களுக்கு ஓடவும் வேண்டும், ஒளியவும் வேண்டும், கரடி வேண்டும், வெள்ளம் வேண்டும். அதனால் அவர்கள் அறிந்த ஊரிலேயே ஒரு சாகசக் கதையை ஆரம்பித்தேன்.

எங்கள் ஊருக்கு ரயில் உண்டு. சேலம் – விருத்தாசலம் பாதை. 2007இல் அகலப்பாதை ஆகும்வரை மீட்டர்கேஜ்தான். இந்தப் பக்கம் பள்ளிக்கூடங்களில் மணி என்று தொங்குவது பெரும்பாலும் ஒரு முழம் தண்டவாளத் துண்டுதான். கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் தெருக்கோடி வரை கேட்கும். வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை. கதையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தின் தண்டவாளத் துண்டைப் பழைய இரும்புக்கு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மணி அடிக்காததால் மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம் தெரியவில்லை. சின்னப்பொண்ணு என்ற எட்டு வயதுக்காரியும் அவள் தம்பி வெள்ளையனும் மூக்குத்தி என்ற வெள்ளாட்டுக்குட்டியும் மலையிறங்கிச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு துண்டு கேட்கிறார்கள். கிடைத்துவிடுகிறது. இனி அதை மலைமேல் கொண்டுபோக வேண்டும். பையில் மூன்றே பொருள்தான்: ஒரு கயிறு, ஒரு தோள்துண்டு, ஒரு தூக்குவாளி.

விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் வைத்தோம். மந்திரம் கூடாது. செல்போன் கூடாது. அப்பா வந்து காப்பாற்றக் கூடாது. மூன்றாவது விதியை வைத்தவள் அப்பா இல்லாத ஒரு சிறுமி, அதை நான் மாற்றவில்லை. கடைசி விதி என்னுடையது. யார் என்ன வழி சொன்னாலும் அதைத் திண்ணையிலோ தெருவிலோ செய்து காட்ட வேண்டும், நடந்தால்தான் கதை நகரும்.

முதல் முடிச்சே பெரிய முடிச்சாகிவிட்டது. மீட்டர்கேஜ் தண்டவாளம் மீட்டருக்கு முப்பது கிலோவைத் தொடும். ஒரு முழத் துண்டென்றால் பத்துக் கிலோவுக்கு மேல். எட்டு வயதுப் பிள்ளை அதை எப்படித் தூக்கிக்கொண்டு மலையேறும்? தண்டவாளத்துக்குப் பதில் எங்கள் வீட்டு அம்மிக்குழவி. தோள்துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைக்கலாம் என்றான் லோடுமேன் மகன். வைத்துப் பார்த்தோம், நாலு எட்டு நடப்பதற்குள் கழுத்து ஆடியது. கயிற்றைக் கட்டி இழுக்கலாம் என்றாள் ஒருத்தி. தெருவில் இழுத்தார்கள், கயிறு மண்ணில் உரசித் திரி திரியாக வந்தது. ஆட்டுக்குட்டியின் முதுகில் கட்டலாம் என்றபோது ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பிறகு ஒருவன் வழியில் கிடக்கும் கழியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். மலையில் கழிக்கா பஞ்சம்? கழியின் நடுவில் குழவியைத் தொங்கவிட்டு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் தோளில் வைத்தார்கள். தெருவில் அருமையாகப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். கதை நகர்ந்தது, கச்சிராயபாளையம் தாண்டியது, மலை அடிவாரம் வந்தது.

மலை ஏறிப் பார்க்க எங்களுக்கு வாய்க்கால் மதகுச் சரிவு இருந்தது. அங்கே ஏறியதும் குழவி கழியில் வழுக்கிக்கொண்டு பின்னால் வருகிறவன் மார்பில் வந்து இடித்தது. மொத்தப் பாரமும் அவன் தோளில். பின்னால் நின்றவன் அந்த ரயில்வே கேட் பையன். கழியைக் கீழே போட்டுவிட்டு, "வரலக்கா" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பெரியவர்களுக்கு விடை நாக்கு நுனியில் நிற்கும். பிள்ளை திணறும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், உடனே கையைப் பிடித்து எழுதவைத்துவிடுவோம். அன்றைக்கு எனக்கும் முழு விடை தெரியாது என்பது ஒரு நல்ல வாய்ப்பு. எல்லாரும் மதகின் மேல் உட்கார்ந்துகொண்டோம். "சின்னப்பொண்ணும் உக்காந்திருக்கா. இருட்டப் போவுது" என்று மட்டும் சொன்னேன். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினால் வழுக்காது என்று ஒருத்தி சொன்னாள். சுற்றினார்கள், வழுக்குவது நின்றது. ஆனாலும் பின்னால் நிற்பவனுக்கே பாரம் அதிகம். கேட் பையன் எழுந்தான். முன்னால் நின்ற பையன் இவனைவிடத் தலை உயரம் கூடியவன். இவன் அவனைப் பிடித்துப் பின்னால் தள்ளி, தான் முன்னால் போய்க் கழியை வைத்துப் பார்த்தான். சரிவில் கீழே நிற்பவன் உயரமாகவும் மேலே நிற்பவன் குட்டையாகவும் இருந்ததால் கழி ஏறக்குறைய நேராக நின்றது. பாரம் இரண்டு தோளுக்கும் பிரிந்தது. "நெட்டையா இருக்கறவன் கீழ நிக்கணும்க்கா!" என்று கத்தினான். மறுநாள் வரும்போது இறங்கும் வழிக்கும் விடை கொண்டுவந்தான். இறங்கும்போது நெட்டையன் முன்னால் போக வேண்டும். வீட்டில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான், அவர் திருவிழாவில் சாமி தூக்குகிறவர். "சாமி மேடு ஏறினா ஆள மாத்தி நிப்போம்டா" என்று சொல்லியிருக்கிறார். பேரன் தானாகக் கண்டுபிடித்ததைத்தான் தாத்தாவும் காலம் காலமாகச் செய்துகொண்டிருக்கிறார் என்பதில் அவனுக்கு வந்த பெருமையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்த வாரம் கழித்தல் கணக்கு போட்டோம். 52இல் 38 போக. இரண்டிலிருந்து எட்டு போகாது என்று வந்ததும் பென்சில்கள் நின்றன. ஒருத்தி சிலேட்டைப் பார்த்துக்கொண்டே, "சின்னப்பொண்ணு இப்ப என்ன பண்ணுவா?" என்றாள், யாரையும் கேட்காமல், தனக்குத்தானே. பக்கத்திலிருந்தவள், "பக்கத்து வூட்டுல கேப்பா" என்றாள். பத்துகள் இடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினார்கள். அதற்கு முன் அதே கடனை நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றுதான் அது அவர்களுடையதானது.

இப்படி நடப்பது எங்கள் தெருவில் மட்டுமல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் நான்கு வயதும் ஆறு வயதுமான 180 பிள்ளைகளுக்குக் கணினியில் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே விளையாட ஒரு ஐபேட். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒரு பகுதியினர், 'நான் நன்றாக வேலை செய்கிறேனா?' என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு பகுதியினர் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியினர் பேட்மேன் போல ஒரு கதாபாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்டு, 'பேட்மேன் நன்றாக வேலை செய்கிறானா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதிக நேரம் வேலையில் நின்றவர்கள் பேட்மேன் ஆனவர்கள்தான். 2017இல் வெளியான ஆய்வு அது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்றேகால் வயதுக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் டப்பாவுக்குள்ளிருந்து பொம்மையை எடுக்கத் திணறித் திணறிக் கடைசியில் எடுத்துக் காட்டினார். இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்குச் சிரமமே படாமல் எடுத்துக் காட்டினார். பிறகு எல்லாருக்கும் ஒரு இசைப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதன் பொத்தானை அழுத்தினால் பாட்டு வராது. திணறலைப் பார்த்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள். நாம் எல்லாவற்றையும் சுலபமாகச் செய்துகாட்டிப் பிள்ளைகளுக்கு உதவுவதாக நினைக்கிறோம். மதகின் மேல் அவர்களோடு விடை தெரியாமல் உட்கார்ந்திருந்ததுதான் நான் அந்த ஆண்டில் நடத்திய நல்ல பாடம்.

காக்கா கதையையும் சொல்லியாக வேண்டும். சின்னப்பொண்ணுக்குத் தாகம் எடுத்த இடத்தில் ஒரு பிள்ளை பானையில் கல் போடும் காக்காவைக் கொண்டுவந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதை, விடையும் தெரிந்த விடை. விதிப்படி செய்து பார்த்தோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் பங்கு தண்ணீர். கூழாங்கல் போடப் போடத் தண்ணீர் கொஞ்சம் ஏறியது, பிறகு ஏறவே இல்லை. கல் பாட்டிலின் வாய் வரை வந்துவிட்டது. தண்ணீர் கல்லுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது. "காக்கா பொய் சொல்லிடுச்சுக்கா" என்றார்கள். கூழாங்கற்களை எப்படிக் கொட்டினாலும் இடையில் பத்தில் நாலு பங்கு போல இடம் காலியாக இருக்கும். தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தச் சந்துகளிலேயே அடங்கிவிடும். அப்படியானால் காக்காவின் பானையில் பாதிக்குக் குறையாமல் தண்ணீர் இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் நினைக்கவில்லை. ஒரு சிறுமி கை நிறைய மணலை அள்ளிக் கல்லுக்கு மேல் கொட்டித் தட்டினாள். மணல் சந்துகளை அடைத்தது, கலங்கல் தண்ணீர் மேலே வந்து வழிந்தது. காக்கா கலங்கல் குடிக்குமா குடிக்காதா என்பதில் அன்று மாலை போயிற்று.

இங்கிலாந்தில் 2009இல் காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளுக்கு முன்னால் குழாயில் தண்ணீரும் அதில் மிதக்கும் புழுவும் வைத்தபோது, அவை கல் போட்டுப் புழுவை எடுத்திருக்கின்றன. 2012இல் அதே புதிரை நாலு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் தடவையிலேயே செய்துவிட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்காரர்களுக்குப் பல தடவை பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. ஆனால் தண்ணீர் ஏறுவதற்குக் காரணமே வெளியில் தெரியாதபடி குழாயை மறைத்து வைத்த புதிரில் காக்கை இனத்தின் இன்னொரு வகையான ஜே பறவைகள் தோற்றன, பிள்ளைகள் ஜெயித்தார்கள். இது நடக்காது என்ற முன்முடிவு பிள்ளைகளிடம் இல்லை. "வரலக்கா" என்பது அவர்களோடு பிறந்தது அல்ல. யாரோ வழியில் கொடுத்தது.

2022 ஜூலையில் கனியாமூர்த் தனியார் பள்ளியில் ஒரு மாணவி இறந்ததும், 17ஆம் தேதி மூண்ட கலவரமும் எங்கள் ஊரை உலுக்கின. தடை உத்தரவு வந்தது, சாலையெங்கும் போலீஸ் வண்டிகள். வகுப்பு நின்றது. திரும்பக் கூடியபோது பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லிலேயே பயம் ஒட்டியிருந்தது. தண்டவாளத்தை யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆயாவின் ஈயைக் கொண்டுவந்தேன். ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கோத்தார்கள், வரிசை கோயில் வரை போய்த் திரும்பியது, ஒரு பெயர் விட்டுப்போனதும் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முழுக்க வேறு பாடம் நடத்தவில்லை. அதுதான் தேவையாக இருந்தது.

பிறகு கதை மறுபடி மலையேறியது. கோமுகி ஆற்றில் வெள்ளம், தூக்குவாளியைக் கவிழ்த்து மிதவையாக்கலாமா என்று தண்ணீர்த் தொட்டியில் சோதனை, கரடி, இருட்டு. கரடிக்கு மட்டும் செய்து பார்க்க வழியில்லை, ஆனால் கம்பியால் தண்டவாளத்தைத் தட்டினால் அது ஓடிவிடும் என்பதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்த ஒரு சிறுமி இருந்தாள். அவள் அம்மாவும் அப்பாவும் சின்னசேலத்தை ஒட்டிய ஒரு செங்கல் சூளையில் வேலை செய்தார்கள். அவளுக்கு எங்கள் கதையில் எரிச்சல். "அந்த எடத்துல அப்புடி இருக்காதுக்கா" என்று அடிக்கடி மறிப்பாள். கல்வராயன் மலையில் 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடி இருந்தது. அவர்கள் நிலத்தில் மலைமக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். அவளுடைய பாட்டி அந்தக் காலத்தைப் பார்த்தவள். தலைச்சுமையோடு மலை இறங்கி, அதே சுமையோடு ஏறியவர்களின் பேத்தி இவள். சகித்துக்கொண்டு போவதை இவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கல் சூளையிலும், மரவள்ளிக் காட்டிலும், லாரி ஷெட்டிலும் பெற்றவர்களைப் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளைப் பார்த்து விடாமுயற்சி இல்லை என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. பாரம் தூக்க அவர்களுக்குத் தெரியும். கழியை மாற்றிப் பிடிக்கலாம், ஆளை மாற்றி நிற்கலாம், அதைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நீ சொன்னால் நாங்கள் செய்து பார்ப்போம் என்பதைத்தான் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கதை அதைச் சொல்கிறது. அதிகாரத்தின் முன்னால் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளை கூட, சின்னப்பொண்ணுக்காக வாய் திறக்கும்.

தீபாவளிக்குப் பிறகு அந்தச் சிறுமி வரவில்லை. அம்மா, அப்பாவோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள். மலையிலிருந்து பலர் ஆண்டுதோறும் அப்படிப் போகிறார்கள், பிள்ளைகளின் படிப்பும் கூடவே போய்விடுகிறது. தை முழுக்கத் தேடினோம். மற்றவர்கள் தண்டவாளத்தை ஒருவழியாக மலைமேல் சேர்த்து, எந்தக் கிளையில் தொங்கவிடுவது என்ற சண்டையில் இருந்தபோது, பங்குனியில் அவள் திரும்பி வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். எழுத்து பாதி மறந்திருந்தது. உட்கார்ந்ததும் கேட்டது, "மணி போய்ச் சேந்துச்சா?"

யாரும் சொல்லவில்லை. நீயே சொல்லு என்றார்கள். அடிவாரத்தில் நிற்கிறாள் சின்னப்பொண்ணு, பையில் மூன்று பொருள், எதிரே மலை. அவள் யோசிக்கக்கூட இல்லை.

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து வெள்ளிமலைக்கு பஸ் வரும். அதுல ஏத்திடுவேன்."

திண்ணை கொந்தளித்தது. குழவியைத் தூக்கித் தூக்கித் தோள் கன்றியவர்கள் அவர்கள். மூன்று பொருளில் பஸ் கிடையாது என்றார்கள். "பஸ்ஸு பையில இல்ல, ரோட்டுல வருது. கழி மட்டும் பையிலயா இருந்துச்சு?" என்றாள். கேட் பையனால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கழியை வழியில் எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட கூட்டத்தில் அவனும் ஒருவன். காசு இல்லையே என்றான். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் என்றாள் அவள். சுமைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்களே என்றாள் இன்னொருத்தி. ஆட்டுக்குட்டியைக் கண்டக்டர் ஏற்றமாட்டார் என்றான் லோடுமேன் மகன். "எங்க பஸ்ல ஏத்துவாங்க" என்றாள் மலைச் சிறுமி. ஏற்றமாட்டார்கள் என்று ஐந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். விதிப்படி, சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். திண்ணையை பஸ் ஆக்கினோம். கேட் பையன் கண்டக்டராக நின்றான், விசில் அடித்தான், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு லக்கேஜுக்கு எவ்வளவு என்று கேட்டான். அவள் அம்மிக்குழவியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படியேறி, இது பள்ளிக்கூட மணி, உங்க பசங்களுக்கும் இதுதான் அடிக்கும், இதுக்கு எதுக்குங்க டிக்கெட் என்று ஆரம்பித்தாள்.